“நானே பார்த்துக்கறேன்”: உடம்பு முடியாதபோது உதவியை வாங்கிக்கொள்வது ஏன் இவ்வளவு கஷ்டம்?

புனே–லோனாவளா லோக்கல் ரயிலில் போய் வருபவர் நீங்கள் என்றால் தேஹு ரோடு ஸ்டேஷனைத் தெரிந்திருக்கும். ராணுவத் தளவாடக் கிடங்கை நம்பி வளர்ந்த கன்டோன்மென்ட் ஊர் அது. தலைமுறையாக அங்கேயே இருக்கும் தமிழ்க் குடும்பங்களும் உண்டு. ஹிஞ்சவடிக்கும் தளவடேவுக்கும் ஐடி வேலைக்குப் போகும் புது முகங்களும் உண்டு. அங்கிருந்து புனே பக்கமாக ரயில் ஏறினால் ஆறாவது ஸ்டேஷன் கட்கி. ஆங்கிலேயர் காலத்தில் அதன் பெயர் கிர்க்கி. அங்குள்ள ராணுவ மருத்துவமனைக்கு இன்றும் அந்தப் பழைய பெயர்தான்.

1975-ல் அந்த மருத்துவமனைக்கு ஒரு தமிழ் மாணவர் கொண்டுவரப்பட்டார். தென்காசி பக்கம் ஆய்க்குடியைச் சேர்ந்தவர், பொறியியல் படித்துக்கொண்டிருந்தவர், பெயர் எஸ். ராமகிருஷ்ணன். கடற்படை அதிகாரியாகச் சேர ஆசைப்பட்டு, அந்த ஆண்டு ஜனவரியில் பெங்களூருவில் நடந்த தேர்வின் உடல்திறன் சோதனையில் கீழே விழுந்தார். கழுத்தில் முதுகுத்தண்டு அடிபட்டது. கழுத்துக்குக் கீழே உடம்பு அசையவில்லை.

கிர்க்கியில் அவருக்கு சிகிச்சை கொடுத்தவர் டாக்டர் அமர்ஜித் சிங் சாஹல். விமானப்படையில் ஏர் மார்ஷல் நிலை வரை உயர்ந்த மருத்துவர். ராமகிருஷ்ணன் ஊர் திரும்பி, 1981-ல் ஆய்க்குடியில் மாற்றுத்திறனாளிக் குழந்தைகளுக்காக ஓர் அமைப்பைத் தொடங்கினார். ஐ.நா. அந்த ஆண்டைத்தான் மாற்றுத்திறனாளிகளுக்கான சர்வதேச ஆண்டாக அறிவித்திருந்தது. அமைப்புக்கு அவர் வைத்த பெயர் ‘அமர் சேவா சங்கம்’. ஏதோ சம்ஸ்கிருதச் சொல் என்று நினைக்கத் தோன்றும். அது அந்த டாக்டர் பெயரின் முதல் பாதி.

1992-ல், தசைச் சிதைவு நோயுடன் வாழும் பட்டயக் கணக்காளர் எஸ். சங்கர ராமன் அவருடன் சேர்ந்துகொண்டார். 2020-ல் ராமகிருஷ்ணனுக்கு பத்மஸ்ரீ அறிவிக்கப்பட்டது. இந்தக் கதையை ‘தன்னம்பிக்கைச் சிங்கம்’ என்ற தலைப்பில் நிறைய பேர் சொல்லியிருப்பார்கள். ஆனால் தன்னைத் தூக்கிவிட்டவர் பெயரைத்தான் அவர் வாசல் பலகையில் எழுதி வைத்தார். தன்னம்பிக்கைக் கதைகளில் இந்த விவரம் பெரும்பாலும் ஒரு வரியோடு போய்விடுகிறது.

சரி, இதுக்கும் நமக்கும் என்ன?

உங்களுக்கு முதுகுத்தண்டில் அடிபட்டிருக்க வேண்டியதில்லை. டிஸ்க் அறுவை சிகிச்சை முடிந்து 6 வாரம் குனியக் கூடாது என்று சொல்லியிருக்கலாம். கீமோதெரபி நடந்துகொண்டிருக்கலாம். வாரம் 3 நாள், ஒவ்வொரு நாளும் 4 மணி நேரம் டயாலிசிஸ் இருக்கலாம். காலையில் விரல் மடங்காத முடக்குவாதம், லூபஸ், வலிப்பு, அல்லது வெளியே தெரியாத மனச்சோர்வு. 30 வயதில் இதெல்லாம் வராது என்றுதான் நாம் எல்லோரும் இன்சூரன்ஸ் ஃபாரம் நிரப்பினோம்.

வந்த பிறகு முதலில் வாயில் வரும் வாக்கியம்: “ஒண்ணும் இல்ல, நானே பார்த்துக்கறேன்.”

இது உங்களுக்கு மட்டும் உள்ள குணம் இல்லை. வேலைக்காக ஊரை விட்டு வந்தவர்களுக்கு இது கொஞ்சம் கூடுதலாகவே இருக்கும், காரணமும் இருக்கு. ஊரில் உங்களுக்கு என்ன மரியாதை? மாசம் பணம் அனுப்பும் பிள்ளை, தங்கச்சி கல்யாணத்துக்கு லோன் போட்ட அக்கா. கொடுக்கிற இடத்தில் இருந்தே பழகியவர் நீங்கள். ஒரு எம்ஆர்ஐ ரிப்போர்ட் வந்ததும் அந்த இடம் மாறுகிறது. வலியைவிட இந்த இடமாற்றம்தான் பலருக்குத் தாங்க முடிவதில்லை. “யாருக்கும் பாரமா இருக்கக் கூடாது” என்று நம் வீடுகளில் தாத்தா பாட்டி சொல்லிக்கொண்டே இருந்ததும் இதில் சேர்ந்துகொள்ளும். அதைக் கேட்டு வளர்ந்தவர்கள் 70 வயதில் சொல்ல வேண்டியதை 30-லேயே சொல்லத் தொடங்கிவிடுகிறோம்.

மறுப்பதில் ரகங்கள் உண்டு. நேராக வேண்டாம் என்பவர்கள் ஒரு வகை. வாங்கிக்கொண்டே எரிந்து விழுபவர்கள் இன்னொரு வகை: “இப்படியா தலையணை வைப்பாங்க?” மூன்றாவது வகைதான் ஆபத்து. வலிக்கிறதா என்றால் இல்லை என்பார்கள், மாத்திரை போட்டாச்சா என்றால் தலையாட்டுவார்கள், ராத்திரி யாரையும் எழுப்பாமல் சுவரைப் பிடித்துக்கொண்டே பாத்ரூம் போவார்கள். அங்கே வழுக்கி விழுந்தால் 6 வாரம் 6 மாதமாகும். விழாவிட்டாலும் பக்கத்து அறையில் இருப்பவர் தூங்குவதில்லை. தண்ணீர் சத்தம் நிற்கும்வரை காதைத் தீட்டிக்கொண்டு படுத்திருப்பார். நீங்கள் உதவியை மறுப்பதால் அவருடைய வேலை குறையவில்லை, அவர் உளவாளியாக மாறியிருக்கிறார், அவ்வளவுதான்.

ஒரு ராத்திரியை எண்ணிப் பாருங்கள்

கவனித்துக்கொள்வது என்றால் என்ன வேலை என்பது படுத்திருப்பவருக்கே பல சமயம் முழுசாகத் தெரியாது. ஓர் உதாரணம் எடுப்போம். முதுகுத்தண்டு பாதித்தவருக்கோ, நீண்ட நாள் படுக்கையில் இருப்பவருக்கோ, ஒரே பக்கமாகப் படுத்தால் எலும்பு துருத்தும் இடங்களில் ரத்த ஓட்டம் தடைபடும். உணர்ச்சி இல்லாத இடமாக இருந்தால் வலியும் தெரியாது. தோல் சிவந்து, உரிந்து, எலும்பு வரை புண் இறங்கும். இதைத் தடுக்க வழக்கமாகச் சொல்லப்படும் கணக்கு, 2 மணி நேரத்துக்கு ஒரு முறை புரட்டிப் படுக்க வைப்பது. காற்று மெத்தை போட்டால் இடைவெளி கொஞ்சம் கூடலாம். புரட்டும் வேலை போய்விடாது.

ராத்திரி 10 மணிக்குப் படுக்க வைக்கிறார்கள் என்று வையுங்கள். 12 மணிக்கு ஒரு முறை, 2 மணிக்கு, 4 மணிக்கு, பிறகு 6 மணிக்கு விடிந்துவிடும். புரட்டுபவரின் தூக்கம் 4 துண்டு. ஒவ்வொரு துண்டிலும் கண்ணை மூட 20 நிமிடம் போகும். இடையில் சிறுநீர்க் குழாய் போட்டு எடுக்க வேண்டியவராக இருந்தால் அது 4 முதல் 6 மணி நேரத்துக்கு ஒரு முறை, ஒவ்வொரு முறையும் சோப்புப் போட்டுக் கை கழுவிவிட்டு. காலையில் அதே ஆள்தான் டிபன் செய்வார், மருந்துக் கடைக்குப் போவார், “என்னம்மா, டல்லா இருக்க?” என்ற கேள்விக்கும் பதில் சொல்வார்.

அந்த ஆள் பெரும்பாலும் பெண் என்று சொன்னால் ஆச்சரியப்பட மாட்டீர்கள். இந்திய அரசின் 2024 நேரப் பயன்பாட்டுக் கணக்கெடுப்பின்படி, 15 முதல் 59 வயதுக்குள் உள்ள பெண்களில் 41 சதவீதம் பேர் வீட்டிலுள்ளவர்களைப் பராமரிக்கும் வேலையில் ஈடுபடுகிறார்கள். ஆண்களில் 21.4 சதவீதம். ஈடுபடும் பெண்கள் ஒரு நாளில் செலவிடுவது சுமார் 140 நிமிடம், ஆண்கள் 74 நிமிடம். குழந்தை வளர்ப்பும் இதில் அடக்கம் என்பதால் நோயாளியைப் பார்ப்பதற்கு மட்டுமான கணக்கு என்று எடுத்துக்கொள்ள முடியாது. ஆனால் எந்தப் பக்கம் தராசு சாய்கிறது என்பதில் சந்தேகமில்லை.

புனே போன்ற ஊரில் இன்னொரு கஷ்டம் சேர்கிறது. மகனுக்கு ஆபரேஷன் என்று மதுரையிலிருந்தோ தூத்துக்குடியிலிருந்தோ ரயில் ஏறி வந்த அம்மாவை யோசியுங்கள். ஒரு படுக்கையறை ஃப்ளாட், ஏழாவது மாடி. மராத்தி தெரியாது, இந்தி அரைகுறை. கொத்தமல்லியைக் காய்காரர் ‘கோத்திம்பீர்’ என்று சொல்வதைக் கற்றுக்கொண்டிருப்பார். ஊரில் என்றால் வாசலில் நின்று பக்கத்து வீட்டு அத்தையிடம் பத்து நிமிடம் புலம்பிவிட்டு உள்ளே வந்திருப்பார். இங்கே புலம்பக் கூட ஆள் இல்லை. இருக்கிற ஒரே ஆள் நீங்கள். உங்களிடம் புலம்ப அவருக்கு மனசு வராது.

இது சின்ன விஷயம் மாதிரித் தெரியும். ஆனால் 1980-ல் அமெரிக்காவில் ஸ்டீவன் ஸாரிட்டும் சக ஆய்வாளர்களும், மறதி நோய் வந்த முதியவர்களை வீட்டில் பார்த்துக்கொள்பவர்களிடம் ஒரு சிறிய ஆய்வு செய்தார்கள். பராமரிப்பவரின் சுமையை அளக்க இன்றும் உலகம் முழுவதும் பயன்படும் கேள்வித்தாள் அங்கிருந்துதான் வந்தது. நோய் எவ்வளவு மோசமோ அவ்வளவு சுமை இருக்கும் என்றுதானே நினைப்போம்? அவர்கள் கண்டது வேறு. நோயாளியின் நடத்தைப் பிரச்சினைகளுக்கும் சுமைக்கும் தொடர்பு தெரியவில்லை. மற்ற உறவினர்கள் எத்தனை முறை வந்து பார்த்துவிட்டுப் போகிறார்கள் என்பதோடுதான் தொடர்பு இருந்தது. ஆள் வந்து போகும் வீட்டில் சுமை குறைவு.

அதனால் “யாரும் வர வேண்டாம், இந்தக் கோலத்துல என்னைப் பாக்க வேணாம்” என்று நீங்கள் கதவைச் சாத்தும்போது, அது உங்கள் அந்தரங்கம் மட்டும் சம்பந்தப்பட்டதில்லை. உள்ளே இன்னொருவரையும் சேர்த்துப் பூட்டுகிறீர்கள். உங்களைப் பார்க்க வேண்டாம் என்றால் பரவாயில்லை, ஹாலில் உட்கார்ந்து அம்மாவோடு காபி குடித்துவிட்டுப் போகச் சொல்லுங்கள்.

கண்ணில் படாத உதவி

இங்கே ஒரு சிக்கல் இருக்கிறது. 2000-ல் நியால் போல்கரும் சக ஆய்வாளர்களும் நியூயார்க்கில் வக்கீல் தகுதித் தேர்வுக்குத் தயாரானவர்களையும் அவர்களுடைய துணைவர்களையும் தினசரி டைரி எழுத வைத்தார்கள். இன்று உதவி செய்தேனா என்று ஒருவர் எழுத வேண்டும், உதவி கிடைத்ததா என்று மற்றவர் எழுத வேண்டும். செய்தவர் ‘செய்தேன்’ என்று எழுதி, பெற்றவர் கவனிக்காமலேயே விட்ட உதவிதான் தேர்வு எழுதுபவரின் மனநிலையைக் காப்பாற்றியது. உதவி என்று பளிச்செனத் தெரிந்தபோது, நம்மால் முடியவில்லையோ என்ற உறுத்தலும் கூடவே வந்துவிடுகிறது.

இதை வீட்டுக்குக் கொண்டுவந்து பாருங்கள். நல்லாக் கவனித்துக்கொள்பவர் செய்யும் வேலை உங்களுக்குத் தெரியாத மாதிரியே நடக்கும். தண்ணீர் பாட்டில் கை எட்டும் இடத்தில் ‘தானாக’ இருக்கும். சட்டைப் பட்டன்கள் பாதி போட்டபடி தொங்கும், தலை வழியாக மாட்டிக்கொள்ள வசதியாக. ஆட்டோக்காரர் லிஃப்ட் பக்கமாக வந்து நிற்பார். இது எதுவும் தானாக நடக்கவில்லை. உங்கள் மானத்தைக் காப்பாற்றுவதற்காக ஒருவர் தன் உழைப்பை மறைத்துக்கொள்கிறார். மறைத்த உழைப்புக்கு யாரும் நன்றி சொல்வதில்லை. நன்றாகச் செய்யச் செய்ய, செய்ததே தெரியாமல் போகிற வேலை இது.

வாரத்துக்கு ஒரு தடவை அந்த ‘தானாக’ நடந்தவற்றைத் தேடிப் பாருங்கள். இரண்டு மூன்று கண்ணில் பட்டாலே போதும், பேச விஷயம் கிடைத்துவிடும்.

அம்மாகிட்ட போய் தேங்க்ஸ் சொல்றதா?

நம் வீடுகளில் ‘நன்றி’ என்ற சொல் மேடைக்கும் கடிதத்துக்கும் உரியது. அம்மாவிடம் சொன்னால் “என்னடா, அந்நியம் மாதிரி பேசற?” என்பார். மனைவியிடம் சொன்னால் ஜுரம் இருக்கிறதா என்று நெற்றியைத் தொட்டுப் பார்ப்பார். சொல் வெளியே வராததால் உணர்வே இல்லை என்று அர்த்தமில்லை. ஆனால் எதிரில் இருப்பவருக்கு அது எப்படிப் போய்ச் சேரும்?

அமித் குமார், நிக்கோலஸ் எப்ளி என்ற இரண்டு ஆய்வாளர்கள் 2018-ல் வெளியிட்ட ஆய்வில், நன்றிக் கடிதம் எழுதுபவர்கள் ஒரு தப்புக் கணக்குப் போடுகிறார்கள் என்று காட்டினார்கள். படிப்பவருக்குச் சங்கடமாக இருக்கும் என்று அளவுக்கு மேல் பயப்படுகிறார்கள். அவருக்கு எவ்வளவு சந்தோஷமாக இருக்கும் என்பதைக் குறைத்து மதிப்பிடுகிறார்கள். அமெரிக்க ஆய்வுதான். இருந்தாலும் அந்தக் கூச்சம் நமக்கு நன்றாகத் தெரிந்த கூச்சம்.

கடிதம் நமக்கு ஒத்து வராது என்றால் வேற வழி இருக்கு. குறிப்பாகச் சொல்லுங்கள்: “நேத்து ராத்திரி 2 மணிக்கு எழுப்பினப்போ நீ ஒரு சலிப்பும் காட்டல, அதை நான் கவனிச்சேன்.” ‘நன்றி’ என்ற சொல்லே அதில் இல்லை, ஆனால் அந்நியமாகவும் ஒலிக்காது. போனில் பெரியப்பாவிடம் பேசும்போது, பக்கத்தில் அவர் காதில் விழும்படி, “இவ இல்லன்னா நான் எழுந்தே இருக்க மாட்டேன் பெரியப்பா” என்று சொல்லுங்கள். நேரில் சொன்னால் மழுப்பிவிடும் அப்பாக்களுக்கு இந்த வழி ரொம்பப் பொருந்தும். “சாப்பிட்டியா?” என்று முதலில் நீங்கள் கேளுங்கள். அவர் சாப்பிட்டு முடிக்கும்வரை எதுவும் கேட்காமல் இருந்தால் இன்னும் நல்லது.

தேஹு ரோடிலிருந்து சில கிலோமீட்டரில் இருக்கும் தேஹு, துக்காராமின் ஊர். ஆண்டுதோறும் அங்கிருந்து பண்டரிபுரத்துக்கு நடந்து போகும் வார்க்கரிகள், பெரியவர் சின்னவர் பார்க்காமல் ஒருவர் காலை ஒருவர் தொட்டுக்கொள்வார்கள். யார் யாருக்குக் கடன்பட்டவர் என்ற கணக்கு அங்கே குழம்பிப் போகும். நாம் காலில் விழ வேண்டாம், அம்மாக்கள் பதறிவிடுவார்கள்.

எதைக் கொடுப்பது, எதை வைத்துக்கொள்வது

உதவியை ஏற்பது என்றால் எல்லாவற்றையும் ஒப்படைத்துவிட்டுக் குழந்தை மாதிரிப் படுத்துக்கொள்வது இல்லை. வேலூர் சிஎம்சியில் இளம் டாக்டராக இருந்த மேரி வர்கீஸ் 1954-ல் ஒரு கார் விபத்தில் கால்கள் செயலிழந்தார். அதே மருத்துவமனையில், தொழுநோயால் மடங்கிப்போன கைகளுக்கு அறுவை சிகிச்சை செய்துகொண்டிருந்த பால் பிராண்ட் (இவர் பிறந்தது நம் கொல்லிமலையில்) ஒரு வழி சொன்னார்: கை அறுவை சிகிச்சையை உட்கார்ந்துகொண்டே செய்யலாம். மேரி வர்கீஸ் சக்கர நாற்காலியில் உட்கார்ந்தபடி அறுவை சிகிச்சை செய்தார். பிறகு நியூயார்க்கில் மறுவாழ்வு மருத்துவம் படித்துத் திரும்பி, வேலூரில் அந்தத் துறையைக் கட்டியெழுப்பினார். 1966-ல் அங்கு மறுவாழ்வு நிலையம் திறக்கப்பட்டது. 1972-ல் பத்மஸ்ரீ.

கத்தியைப் பிடிக்கும் வேலை மேரியால் மட்டும் ஆவது. நாற்காலியைத் தள்ளும் வேலையை இன்னொருவர் செய்யலாம். உங்கள் நாளையும் இப்படிப் பிரித்துப் பாருங்கள். சட்டை போட 40 நிமிடம் ஆகிறது, அதன் பிறகு லேப்டாப்பைத் திறக்கத் தெம்பில்லை என்றால், சட்டையை இன்னொருவர் போட்டுவிடட்டும். அந்தத் தெம்பை வேலைக்கோ, குழந்தையோடு விளையாடவோ சேமியுங்கள். மாறாக, ஷேவிங் செய்வது உங்களுக்கு மனுஷன் மாதிரி உணர வைக்கிறது என்றால், அரை மணி நேரம் ஆனாலும் அதை விட்டுக்கொடுக்காதீர்கள். “நான் பண்ணிவிடறேன் கொடு” என்று பிளேடைப் பிடுங்க வருபவரிடம் பொறுமையாகச் சொல்லுங்கள்: இது வேண்டாம், அதுக்கு வா.

சொல்லும்போது அளவோடும் விவரத்தோடும் சொல்லுங்கள். “கொஞ்சம் தூக்கு” என்றால் அவர் உங்கள் கையைப் பிடித்து இழுப்பார், உங்கள் தோளும் போகும், அவர் முதுகும் போகும். “முட்டியை மடக்கி நில்லு, மூணு எண்ணினதும் நான் காலை ஊன்றேன்” என்றால் இரண்டு பேரும் தப்பிப்பீர்கள். எந்த வகைத் தூக்கல் உங்களுக்குச் சரி என்று பிசியோதெரபிஸ்ட்டிடம் ஒரு தடவை, உதவுபவரையும் கூட வைத்துக்கொண்டு, செய்து காட்டச் சொல்லுங்கள். முதுகுக்கு அடியில் ஒரு கனமான விரிப்பைப் போட்டு அதைப் பிடித்து நகர்த்தினாலே பாதி பாரம் குறையும் என்பது பல வீடுகளில் தெரியவே தெரியாது.

மாவ்ஷிக்கும் வார விடுமுறை உண்டு

புனேயில் வீட்டோடு இருந்து நோயாளியைப் பார்த்துக்கொள்ளும் பெண்ணை ‘மாவ்ஷி’ என்று கூப்பிடுவார்கள். மராத்தியில் அம்மாவின் சகோதரி, நம் சித்தி. ப்யூரோ மூலம் 12 மணி நேர ஷிஃப்ட்டிலோ 24 மணி நேர ஷிஃப்ட்டிலோ வருவார்கள். சித்தி என்று கூப்பிடுவது அழகாகத்தான் இருக்கிறது. ஆனால் “எங்க வீட்ல ஒருத்தி மாதிரி” என்ற வசனம் எப்போது வருகிறது என்று கவனியுங்கள். பெரும்பாலும் சம்பளம், லீவு, கூடுதல் நேரம் என்ற பேச்சு வரும்போதுதான் வரும்.

2016-ம் ஆண்டு மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் ‘பராமரிப்பாளர்’ என்பதற்குத் தரும் விளக்கத்தில் பெற்றோர், குடும்பத்தினர் மட்டுமில்லை, ஊதியம் வாங்கியோ வாங்காமலோ பராமரிக்கும் எவரும் அடங்குவார்கள். ஊதியம் வாங்குவதால் அவர் செய்வது குறைந்துவிடுவதில்லை. சொன்ன தேதியில் சம்பளம், வாரத்தில் ஒரு முழு நாள் ஓய்வு, படுக்க ஒரு கட்டில், நீங்கள் சாப்பிடும் அதே சாப்பாடு. ப்யூரோவுக்கு நீங்கள் கட்டும் தொகையில் அவர் கைக்கு எவ்வளவு போகிறது என்று ஒரு தடவையாவது கேளுங்கள். அவர் பெயரையும் கேளுங்கள். பல மாதம் கூடவே இருந்து போனவரின் போன் எண், பலருடைய மொபைலில் ‘மாவ்ஷி 2’ என்றுதான் பதிவாகியிருக்கும்.

“ஏதாவது வேணும்னா சொல்லுங்க” என்பவர்களிடம் என்ன சொல்வது?

சொல்லுங்கள், அவ்வளவுதான். அந்த வாக்கியத்தைச் சொல்பவர்களில் பாதிப் பேர் நிஜமாகவே சொல்கிறார்கள் என்று வைத்துக்கொள்ளுங்கள். அவர்களுக்கு என்ன செய்வது என்று தெரியவில்லை, அதைத்தான் கேட்கிறார்கள். “வியாழக்கிழமை 4 மணிக்கு என்னை டயாலிசிஸ்ல இருந்து கூட்டிட்டு வர முடியுமா?” என்று கேட்டால் ஆமாம் அல்லது இல்லை என்று பதில் வரும். இரண்டுமே பரவாயில்லை.

கேரளத்தில் இதை ஓர் ஊர் வேலையாகவே மாற்றினார்கள். டாக்டர் எம்.ஆர். ராஜகோபால், டாக்டர் சுரேஷ் குமார் ஆகியோர் 1993-ல் கோழிக்கோட்டில் தொடங்கிய வலி நிவாரண, ஆதரவு சிகிச்சை அமைப்பிலிருந்து வளர்ந்த இயக்கத்தில், அக்கம்பக்கத்து ஆட்கள் பயிற்சி எடுத்துக்கொண்டு படுக்கையில் இருப்பவர்களின் வீட்டுக்குப் போனார்கள். 2008-ல் மாநில அரசே அதற்கென ஒரு கொள்கையை அறிவித்தது. தமிழ்நாட்டில் 2021 ஆகஸ்டில் தொடங்கிய ‘மக்களைத் தேடி மருத்துவம்’ திட்டத்திலும் வீட்டுக்கே வரும் இயன்முறை சிகிச்சையும் ஆதரவு சிகிச்சையும் உண்டு. ஊரில் அப்பா படுக்கையில் இருந்து, நீங்கள் இங்கே இருந்தால், ஆரம்ப சுகாதார நிலையத்தில் அவர் பெயரைப் பதியச் சொல்லுங்கள். தேஹு ரோடு போன்ற இடத்தில் கோயில் கமிட்டி, அடுக்ககத்து வாட்ஸ்அப் குழு, ஆபீஸ் டீம் என்று ஏதோ ஒன்றில் நீங்கள் ஏற்கெனவே இருப்பீர்கள். பண்டிகைக்கு வசூல் செய்யும் குழுவால் ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் 3 மணி நேரம் உட்கார ஓர் ஆளை அனுப்ப முடியாதா என்ன?

பணமும் காகிதமும்

இது சீக்கிரம் சொல்லி முடிக்க வேண்டிய பகுதி. அதிக ஆதரவு தேவைப்படும் மாற்றுத்திறனாளிகளுக்குப் பராமரிப்பாளர் படி வழங்குவது பற்றி மேலே சொன்ன சட்டத்தின் 24-வது பிரிவு பேசுகிறது. நடைமுறை மாநிலத்துக்கு மாநிலம் மாறும். கேரளத்தின் ‘ஆஸ்வாசகிரணம்’ திட்டத்தில் படுக்கையில் இருப்பவரைப் பார்த்துக்கொள்பவருக்கு மாதம் 600 ரூபாய். தமிழ்நாட்டில் கடும் பாதிப்புள்ள மாற்றுத்திறனாளிகளுக்கான பராமரிப்பு உதவித்தொகை 2023 முதல் மாதம் 2,000 ரூபாய். ஒரு மாவ்ஷியின் சில நாள் சம்பளத்துக்குக் கூட இது போதாது என்பது உங்களுக்கே தெரியும்.

உங்கள் நிலை மாற்றுத்திறன் வரையறைக்குள் வந்தால் யுடிஐடி அட்டைக்கு விண்ணப்பியுங்கள், அது நாடு முழுவதும் செல்லும். வருமான வரியில் பழைய முறையைத் தேர்ந்தெடுத்தவர்களுக்கு, 80யூ (உங்களுக்கே பாதிப்பு என்றால்), 80டிடி (உங்களைச் சார்ந்தவருக்கு என்றால்) என்று பல காலமாக அறியப்படும் கழிவுகள் உண்டு. 75,000 ரூபாய், கடும் பாதிப்பு என்றால் 1,25,000 ரூபாய். ஆபீஸில் மறைத்துக்கொண்டே இருந்தால் இதில் எதையும் கேட்க முடியாது.

கவனித்துக்கொள்பவரே உடைந்து போகும் நாளும் வரும். காரணமில்லாமல் கத்துவார், அல்லது பேச்சே நின்றுபோகும். மத்திய அரசின் டெலி மானஸ் எண் 14416. இலவசம், 24 மணி நேரமும் இயங்கும், தமிழிலும் பேசலாம். புனேயில் ஏழாவது மாடியில் இருக்கும் மதுரை அம்மாவுக்கும் அது பொருந்தும். எண்ணை நீங்களே போட்டுக் கொடுத்துவிட்டு, அறைக் கதவைச் சாத்திக்கொண்டு, அவரைத் தனியாகப் பேச விடுங்கள்.

அவரை மூணு நாள் ஊருக்கு அனுப்ப முடியுமா?

வரும் மாதம் அவருடைய அண்ணன் மகள் கல்யாணம். “நான் எப்படிப் போறது, இவனை விட்டுட்டு” என்று சொல்லிவிட்டார். நீங்களும் பேசாமல் இருந்துவிட்டீர்கள், உள்ளுக்குள் கொஞ்சம் நிம்மதியோடு. இந்த இடத்தில்தான் நீங்கள் ஏதாவது செய்ய முடியும், படுத்துக்கொண்டே.

ஒரு நோட்டு எடுங்கள், அல்லது போனில் பதிவு செய்யுங்கள். காலை எத்தனை மணிக்கு எந்த மாத்திரை, சாப்பாட்டுக்கு முன்பா பின்பா. எந்தப் பக்கம் படுத்தால் வலிக்கும். தூக்கும்போது எங்கே பிடிக்க வேண்டும். எந்த அறிகுறி வந்தால் டாக்டரைக் கூப்பிட வேண்டும், எந்த அறிகுறிக்குப் பயப்பட வேண்டாம். காபியில் சர்க்கரை எவ்வளவு. இதெல்லாம் இப்போது ஒருவர் தலைக்குள் மட்டும் இருப்பதால்தான் அவரால் நகர முடியவில்லை. எழுதிவிட்டால், தம்பியோ ரூம்மேட்டோ மாவ்ஷியோ பார்த்துச் செய்வார்கள். கொஞ்சம் தப்பாகத்தான் செய்வார்கள், காபி கசக்கும். அவர் இருக்கும்போதே ஒரு சனிக்கிழமை ஒத்திகை பாருங்கள். அது ஓடிவிட்டால் டிக்கெட்டை நீங்களே போடுங்கள். கீழ் பெர்த், திரும்பி வரும் தேதியை அவரிடமே கேட்டு.